முன்வரிசையில் நம் பெரியவர்கள்

(பரிசளிப்பு விழாவில் பள்ளியாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

   

மேடை ஏறினால் ஒரு குறளைச் சொல்லித் தொடங்குவது நம் வழக்கம். இன்று அந்த வேலையைப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கப் போகும் நான்காம் ஆண்டு மாணவிக்கே விட்டுவிடுகிறேன். அவள் என்னைவிட நன்றாகச் சொல்லுவாள். நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் உங்களில் பலர் ஒரு கணம் தயங்கி நின்றதைக் கவனித்தேன். முன்வரிசையில் துணி விரித்த நாற்காலிகள் எப்போதும் பிரமுகர்களுக்கு. இந்த ஆண்டு அங்கே எழுபதும் எண்பதும் கடந்த நம் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பிரமுகர்கள் இரண்டாவது வரிசையில் முகம் கோணாமல் அமர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஒரு பாட்டி என்னிடம், "இங்க உக்காரலாமாய்யா? யாரும் எழுப்பிவிட மாட்டாங்களே?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். நாற்பது வருஷம் இந்த மண்ணில் பால்மரம் வெட்டியவர் அவர். அப்படிக் கேட்கும்படி அவரை யார் பழக்கியது? நாம்தான்.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் ஆண்டுதோறும் டிசம்பர் 26 தொடங்கி ஜனவரி 1 வரை ஏழு நாள் ஒரு விழா எடுக்கிறார்கள். அதன் பெயர் குவான்சா. 1966-ஆம் ஆண்டு மௌலானா கரேங்கா என்பவர் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தொடங்கியது. அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் வாரிசுகள் அவர்கள். ஊரும் மொழியும் பெயரும் பறிபோனவர்கள். அறுவடையின் முதற்கனி என்று பொருள்படும் சுவாஹிலி மொழிச் சொற்களிலிருந்து அந்தப் பெயரை எடுத்தார்கள். அவர்களுடைய முன்னோர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்காரர்கள். சுவாஹிலியோ கிழக்குக் கரை மொழி. ஒரு குலத்துக்கு மட்டும் சொந்தமாகாத பொது மொழி வேண்டும் என்றே அதைத் தேர்ந்தெடுத்தார்களாம். ஏழு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். வீட்டில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை சோளக் கதிர்கள் பாயின்மேல் வைப்பார்கள். சபையில் மூத்தவர் ஒருவர் கிண்ணத்திலிருந்து நீர் வார்த்து, மறைந்துபோன முன்னோரை அழைப்பார். கூடியிருப்பவர்களும் தத்தம் வீட்டு மூத்தோரின் பெயரை உரக்கச் சொல்லுவார்கள்.

இதைப் படித்த மறுநாள் வகுப்பில் பிள்ளைகளைக் கேட்டேன்: "உங்க கொள்ளுப்பாட்டி பேரு என்ன?" இரண்டு பேர் கை தூக்கினார்கள். அதில் ஒருவன் சொன்னது பாட்டியின் பெயர். கொள்ளுப்பாட்டி பெயர் இல்லை. பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அன்று மாலை சில பெற்றோர்களையும் கேட்டுப் பார்த்தேன். அவர்களும் கொஞ்சம் யோசித்தார்கள்.

குவான்சா நமக்கு அந்நியமான விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் ஒருவர் இதே மாதிரி ஒரு காரியம் செய்தார். தமிழ் முரசு நாளிதழை 1935-இல் தொடங்கிய தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள், 1952-ஆம் ஆண்டு, பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாள் என்ற விழாவைச் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தொடங்கி வைத்தார். தீபாவளி இந்துக்களுக்கு, கிறிஸ்துமஸ் கிறித்தவருக்கு, பெருநாள் முஸ்லிம்களுக்கு. தமிழன் என்று சொல்லி எல்லாரும் சேர்ந்து நிற்க ஒரு நாள் வேண்டாமா என்பதுதான் அவருடைய எண்ணம். சாதியும் சமயமும் பாராமல் தோட்டங்களிலும் அதைக் கொண்டாடினார்கள். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, நாடகம், விளையாட்டு எல்லாம் உண்டு. இன்று நம் பள்ளியில் நடக்கிற போட்டிகளுக்கும் அந்த விழாவுக்கும் தூரம் அதிகமில்லை.

அதே சாரங்கபாணி அவர்கள்தான் 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும், நூலகம் வேண்டும் என்பதற்காக. தோட்டத்துப் பாட்டாளிகள் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தார்கள். அன்றைக்கு ஒரு வெள்ளி என்பது ஒரு நாள் அடுப்பு எரிகிற விஷயம். கொடுத்தவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. தம் பிள்ளையோ பேரனோ அந்தப் பல்கலைக்கழகத்தில் கால் வைப்பான் என்று அவர்களுக்கு உறுதியும் கிடையாது. கொடுத்தார்கள், அவ்வளவுதான். அவர்கள் வாங்கிக் கொடுத்த படிப்பைத்தான் நானும் படித்து இந்த மேடையில் நிற்கிறேன்.

இப்படிப்பட்டவர்களுக்கு நாம் என்ன செய்கிறோம்? பொன்னாடை போர்த்துகிறோம். படம் எடுக்கிறோம். படத்தில் பொன்னாடை தெரிகிறது, போர்த்தியவர் முகம் தெரிகிறது. போர்த்தப்பட்டவர் பாதி மறைந்துபோகிறார். பொன்னாடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்றும் போர்த்தப் போகிறோம். ஆனால் பொன்னாடை கேள்வி கேட்பதில்லை. பெரியவர்களுக்கு வேண்டியது கேட்கிற ஆள்.

ஏன் இதை இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்றால், இந்தியாவிலிருந்து கங்காணி மூலம் ஆள் கட்டிக்கொண்டு வருவது 1938-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அப்படி வந்தவர்களில் யாரும் இன்று இந்த மண்டபத்தில் இல்லை. முன்வரிசையில் இருப்பவர்கள் அவர்களுடைய மடியில் வளர்ந்தவர்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியது, கப்பலில் வாந்தி எடுத்தது, தனிமை முகாமில் மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டியது, இதையெல்லாம் பட்டவர்கள் வாயால் நேரில் கேட்ட கடைசித் தலைமுறை இது. இவர்களுக்குப் பிறகு, "எங்க அம்மா சொன்னாங்க" என்று சொல்ல ஆள் கிடையாது.

கேட்டு எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. சயாம் மரண ரயில். ஜப்பான்காரன் காலத்தில், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போட்டார்கள். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று முதலில் ஆசை காட்டினார்கள். பிறகு ஆள் போதவில்லை என்று பிடித்துக்கொண்டு போனார்கள். காட்டிலே காலராவும் மலேரியாவும் பசியும் அடியும். திரும்பி வந்தவர்கள் எலும்பும் தோலுமாக வந்தார்கள்.

அதே பாதையில் வெள்ளைக்காரப் போர்க் கைதிகளும் வேலை செய்தார்கள். 60,000 பேருக்கு மேல். அதில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்கள் பட்ட துன்பமும் சாதாரணமல்ல. ஆனால் காஞ்சனபுரி என்ற ஊரில் அவர்களுக்கு ஒரு மயானம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக. பெரும்பாலானவற்றில் பெயர், வயது, இறந்த தேதி. அவர்களுடைய அதிகாரிகள் முகாமிலே ஒளித்து ஒளித்துக் கணக்கு எழுதி வைத்தார்கள். போர் முடிந்ததும் தேடி எடுத்துப் புதைத்தார்கள். நம்மவர்களுக்குக் கணக்கு எழுத ஆள் இல்லை. எத்தனை தமிழர்கள் செத்தார்கள் என்பதற்கு இன்றுவரை ஒத்த கணக்குக் கிடையாது. ஒருவர் ஒன்று சொல்லுவார், இன்னொருவர் வேறொன்று சொல்லுவார். ஆர். சண்முகம் அவர்கள் 'சயாம் மரண ரயில்' என்று நாவல் எழுதினார். அதனால் கொஞ்சம் பேருக்காவது தெரிந்தது. எண்பது ஆண்டுகள் கழித்து, 2023-இல், காஞ்சனபுரியில் தமிழர்களுக்கென்று ஒரு நடுகல் எழுந்தது. நல்ல காரியம். ஆனால் அந்தக் கல்லில் எல்லாருடைய பெயரையும் செதுக்க வேண்டுமென்றால் பெயருக்கு எங்கே போவது?

இந்த வட்டாரத்திலிருந்து யார் யார் போனார்கள், யார் திரும்பினார்கள்? "எங்க பெரியப்பா சயாமுக்குப் போனவரு, வரவே இல்ல" என்று சொல்லுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கலாம். அந்தப் பெரியப்பா பெயரை ஒரு தாளில் எழுதினால் அதுவே அவருக்கு நாம் வைக்கிற கல்.

பெரிய பெரிய துன்பங்கள்தான் எழுதத் தக்கவை என்பதுமில்லை. வேலையைப் பற்றிக் கேளுங்கள். விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போனார்களே, ஏன் அந்த நேரம்? துரை சொன்னதனால் மட்டுமா? இரவெல்லாம் மரம் தண்ணீரை இழுத்து நிறைந்திருக்கும். வெயில் ஏறினால் இலை வழியாகத் தண்ணீர் போய்விடும், பால் ஓட்டம் குறையும். விடியலில் வெட்டினால்தான் மங்கு நிறையும். வெட்டு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சாய்கிறது? பட்டைக்குள்ளே பால் குழாய்கள் நேராக மேலே ஏறுவதில்லை. சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அப்படிச் சாய்த்து வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் மிஞ்சினால் மரத்துக்குக் காயம், பட்டை முண்டு முண்டாகப் புடைத்துவிடும், கங்காணி ஏசுவார். காகிதக் கனத்தில் பட்டையைச் சீவ வேண்டும். அதை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக் கணக்கான மரங்களுக்குச் செய்தார்கள். இந்தக் காரணமெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது. நம் பாட்டிமார்களுக்கு அது கையில் இருந்தது. உளியைக் கையில் கொடுத்துப் பாருங்கள். எண்பது வயதுக் கை தானாகச் சாய்வதைப் பார்ப்பீர்கள்.

இப்போது சுற்றிலும் செம்பனை. பால்மரம் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குப் படம் காட்ட வேண்டியிருக்கிறது. தலைக்கு மேலே விமானங்கள் தாழப் பறக்கின்றன. 1998-இல் திறந்த அந்த விமான நிலையத்தின் ஓடுபாதை எந்தெந்தத் தோட்டங்களின் மேல் கிடக்கிறது, அங்கிருந்த லயங்களின் சனங்கள் எங்கே போனார்கள் என்று உங்கள் தாத்தாவைக் கேளுங்கள்.

நம் ஊர்க் கதையே ஒன்று இருக்கிறது. கேரளத்தில் 2018-இல் கோழிக்கோட்டில் நிப்பா காய்ச்சல் என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். அதற்குப் பிறகும் அடிக்கடி செய்தியில் வருகிறது. அந்த நிப்பா என்பது நமக்குப் பக்கத்து ஊரான சுங்கை நிப்பாவின் பெயர் என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? 1998-இன் பிற்பகுதியில் பேராக்கில் தொடங்கி, 1999-இல் இங்கே புக்கிட் பெலண்டோக் பகுதியில் உக்கிரமாகப் பரவியது அது. முதலில் கொசுவால் வரும் மூளைக் காய்ச்சல் என்று நினைத்துப் புகை அடித்தார்கள், ஊசி போட்டார்கள். நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர் சுவா காவ் பிங் அது புதிய கிருமி என்று கண்டுபிடித்தார். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் வந்த கிருமி. நாடு முழுவதும் 265 பேர் நோயில் விழுந்தார்கள். 105 பேர் மாண்டார்கள். சீனக் குடும்பங்கள் வீடு வாசலை விட்டு வெளியேறின. படைவீரர்கள் வந்து பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். பண்ணை வேலைக்குப் போன நம்மவர்களும் பாதிக்கப்பட்டார்கள்.

புத்தகத்தில் இருப்பது இவ்வளவுதான். அந்த வாரங்களில் ஊர் எப்படி இருந்தது? பக்கத்து வீட்டுச் சீனக் கிழவியின் சாவிக்கொத்தை யார் வாங்கி வைத்தார்கள்? ஒரு தாத்தா சொன்னார்: வெளியூர் பஸ்ஸில் ஏறி, "புக்கிட் பெலண்டோக்" என்று சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போய்விடுவாராம். "நாங்க என்னப்பா செஞ்சோம்?" என்று என்னிடம் கேட்டார், இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கழித்து. இதை எந்த மருத்துவ நூலிலும் நீங்கள் படிக்க முடியாது. அவரிடம்தான் கேட்க வேண்டும்.

பெரியவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சம்பள நாளில் கள்ளுக்கடையில் பாதிக் காசைத் தொலைத்தவர்களும் இருந்தார்கள். சாதி பார்த்து ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். பெண்பிள்ளைக்குப் படிப்பெதற்கு என்று பள்ளியிலிருந்து நிறுத்தி ஆயாக்கொட்டகையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள அனுப்பியவர்களும் இருந்தார்கள். அதையும் எழுதுங்கள். அப்படி நிறுத்தப்பட்ட சிறுமிகள்தான் இன்று முன்வரிசையில் பாட்டிமார்களாக இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குப் போய்விட்டோம். அங்கே அப்பா அம்மாவுக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறோம், தொலைக்காட்சி வைத்திருக்கிறோம், மருந்து வாங்கிக் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் லயத்தில் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்தால் பேச நாலு பேர் இருந்தார்கள். இப்போது கதவு பூட்டியிருக்கிறது. ஆயுசு முழுக்க இந்த மண்ணில் உழைத்தும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கிற பெரியவர்கள் இன்னும் உண்டு. பிறந்த ஊர், பிறந்த தேதி, தாய் பெயர், பழைய செக்ரோல் விவரம் எதுவும் எழுத்தில் இல்லாததால் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் அலைந்தவர்கள் அவர்கள். பெயரைக் கிராணி ஒரு மாதிரி எழுதியிருப்பார், பிறப்புப் பத்திரத்தில் வேறு மாதிரி இருக்கும். வீட்டில் ஒருவராவது முன்பே கேட்டு எழுதி வைத்திருந்தால் சிலருக்கு வழி பிறந்திருக்கும். ஆகவே இது வெறும் பழங்கதை பேசுகிற காரியமல்ல.

இனி பிள்ளைகளுக்கு. இந்த ஆண்டு நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட்ட நோட்டுப்புத்தகம் தரப் போகிறோம். பொங்கலுக்கு முன் ஒரு பெரியவரிடம் கேட்டு எழுத வேண்டும். சொந்தத் தாத்தா பாட்டி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரைத் தத்தெடுத்துக்கொள்ளலாம். அவர் மறுக்க மாட்டார்.

எப்படிக் கேட்பது என்று சொல்லித் தருகிறேன். "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு தாத்தா?" என்று கேட்காதீர்கள். "கஷ்டம்தான்ப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். கையில் ஒரு பொருளோடு போங்கள். பழைய உளி, மங்கு, காண்டாக் கம்பு, கல்யாணப் படம், சம்பளச் சீட்டு, எது கிடைத்தாலும் சரி. "இது யாரு பாட்டி?" என்று படத்தில் ஓரமாக நிற்கிற ஆளைக் காட்டிக் கேளுங்கள். அங்கேதான் கதை தொடங்கும். தேதி தெரியவில்லை என்றால் நெருக்காதீர்கள், "மெர்டேகாவுக்கு முந்தியா பிந்தியா?" என்று கேட்டால் போதும். அவர் சொல்லும் சொல்லையே எழுதுங்கள். 'பெரட்டு' என்றால் 'பெரட்டு' என்றே எழுதுங்கள், செந்தமிழாக்கித் திருத்த வேண்டாம். திருத்துகிற வேலை என்னுடையது, அதையும் நான் செய்யப் போவதில்லை. சொல்ல விரும்பாததைத் துருவாதீர்கள். சில விஷயங்களைப் பாட்டிமார்கள் மகன் எதிரே சொல்ல மாட்டார்கள். பேத்தியிடம் தனியாகச் சொல்லுவார்கள்.

கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யலாம். செய்யுங்கள், குரல் ஒரு பொக்கிஷம். ஆனால் கைப்பேசி தண்ணீரில் விழும், புதிது வாங்கினால் பழையது போய்விடும். அதனால் எழுதவும் வேண்டும்.

முதல் பக்கத்தில் என்ன எழுதுவது என்பதை மட்டும் நான் முடிவு செய்துவிட்டேன். பெரியவரின் பெயர், அவருடைய அம்மா பெயர், அம்மாவின் அம்மா பெயர். மூன்றும் அவர் உச்சரிக்கிற விதத்தில். இரண்டாம் பக்கத்திலிருந்து உங்கள் விருப்பம்.

நோட்டுப்புத்தகங்கள் மேடைக்கு இடப்பக்கம் அந்த மேசைமேல் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பரிசு வாங்கி இறங்குகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். பரிசு வாங்காதவர்களும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில்கள் பக்கத்துப் பெட்டியில் இருக்கின்றன. சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, முன்வரிசைப் பெரியவர்கள் எங்கும் போகப் போவதில்லை. முதல் பக்கத்தை இங்கேயே எழுதி முடித்துவிடலாம்.